7000 பூசணிக்காயும் அசலா? (வான் கோர்ட்லண்ட் மாளிகை விவகாரம்)

கணக்குப்பிள்ளை:
"அக்டோபர்ல குழந்தைகளோட எங்க போகலாம்"னு ஒரு புதுத் தம்பி நம்ம மன்றத்துல பக்கத்து இழையில் கேட்டிருந்தார். அதுக்கு எடிசன் மீனாட்சி எழுதின பதிலைப் படிச்சதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. அங்கேயே சண்டை போட்டா தம்பி மிரண்டு ஓடிடுவார்னு தனி இழை. அம்மணி எழுதினது அப்படியே கீழே:

"நியூயார்க் பக்கம் க்ரோட்டன்-ஆன்-ஹட்சன்ல வான் கோர்ட்லண்ட் மேனர்னு ஒரு பழைய மாளிகை. வருஷா வருஷம் ஹாலோவீனுக்கு 7000 அசல் பூசணிக்காயைக் கையால செதுக்கி விளக்கு வெச்சிருப்பாங்க. ஜென்மத்துல ஒரு தடவை பார்க்கணும்."

மாளிகை உண்மை. 2005லேர்ந்து நடக்குது, அதுவும் உண்மை. 7000க்கு மேலன்னு நடத்துறவங்களே சொல்றாங்க, ஒத்துக்கறேன். ஆனா அசலா? அங்க நிக்கிற டைனோசரும் தலையில்லாத குதிரைக்காரனும் ஃபோம் காய்ல செஞ்சது. நடத்துறவங்க இதை மறைக்கவும் இல்லை. "அசல்"ங்கறது அம்மணியோட கைச்சரக்கு.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. 7000மும் அசலா?

எடிசன் மீனாட்சி:
வந்துட்டாருய்யா. ஒரு மனுஷன் ஊர் சுத்த இடம் கேட்டான், நான் சொன்னேன். இதுல உங்களுக்கு எங்க வலிக்குது சார்? நான் மூணு வருஷமா போறேன். டாப்பன் ஸீ பாலம் தாண்டி, டிராஃபிக்ல நின்னு, ஏழு மணி டிக்கெட்டுக்கு ஆறரைக்கே போய் வரிசையில நின்னவ நான். நீங்க போயிருக்கீங்களா? அதை முதல்ல சொல்லுங்க.

கையால செதுக்கினதா, இல்லையா? செதுக்கினது. உள்ள விளக்கு எரியுதா? எரியுது. அப்புறம் என்ன?

கணக்குப்பிள்ளை:
கையா காலான்னு நான் கேட்கவே இல்லை. அசலான்னு கேட்டேன். இன்னொரு தடவை படிங்க.

டாப்பன் ஸீ இப்ப மாரியோ குவோமோ பாலம்.

எடிசன் மீனாட்சி:
2017ல பேரை மாத்தினாங்க, தெரியும். நாங்க எல்லாம் இன்னும் டாப்பன் ஸீன்னுதான் சொல்வோம். பாலத்துக்கும் கணக்கு போட வந்துட்டீங்களா?

கணக்குப்பிள்ளை:
கணக்குன்னதும் ஞாபகம் வருது. செதுக்கின பூசணி எத்தனை நாள் தாங்கும்? எங்க வீட்டு வாசல்ல வெச்சது மூணாம் நாள் உள்பக்கம் கறுப்பாச்சு. நாலாம் நாள் அணில் மூக்கைத் தின்னுடுச்சு. ஆறாம் நாள் காலையில எடுக்கப் போனா அடி கழண்டு படியிலேயே கஞ்சி மாதிரி உட்கார்ந்திருச்சு. வாரம் ஒண்ணுன்னு தாராளமா வெச்சுக்குவோம். கண்காட்சி செப்டம்பர்ல ஆரம்பிச்சு நவம்பர் வரைக்கும் போகுது. எட்டு வாரம்னு வெச்சா 7000 எட்டு 56,000 காய். க்ரோட்டன் ஊர் ஜனத்தொகையே எட்டாயிரத்துச் சொச்சம். ஊரே திரண்டு தலைக்கு ஏழு காய் சுமந்தாத்தான் முடியும்.

7000மும் அசலா?

யாழ்நம்பி:
டொரொண்டோவிலை இருந்து ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் எல்லாரும் பூசணி பூசணி எண்டு கதைக்கிறியள், விளங்குது. ஆனா போன கிழமை இன்னொரு இழையிலை கணக்கர் பூசணி எண்டு சொன்னது வெள்ளைக் காயை. அதை நாங்கள் நீத்துப்பூசணி எண்டுதான் சொல்லுவம். ஒரு சொல்லுக்கு ஒரு காய் வேணாமோ?

கொங்குத்தங்கம்:
ஏனுங்க, எங்கூர்ல இந்த மஞ்சக் காய்க்கு அரசாணிக்காய்னு பேரு. பூசணின்னா திருஷ்டி சுத்தி ஒடைக்கறது. அரசாணிக்காயைப் போய் யாராவது மூஞ்சி செதுக்குவாங்களா, பொரியல் பண்ணாம?

எடிசன் மீனாட்சி:
எங்க தஞ்சாவூர் பக்கம் பரங்கிக்காய். பொங்கலுக்குப் பரங்கி இலையில படைப்போம். சாருக்கு எது பூசணின்னே தெரியலை, இதுல அசலா போலியான்னு விசாரணை வேற.

கணக்குப்பிள்ளை:
திசை திருப்பாதீங்க. பரங்கியோ அரசாணியோ, கொடியில காய்ச்சதா ஃபேக்டரியில ஊத்தினதா? பேர் எதுவா இருந்தா என்ன, ஃபோம் ஃபோம்தான்.

வெஸ்ட்செஸ்டர் வாசு:
நான் அங்கேர்ந்து இருபது நிமிஷத்துல இருக்கேன். ஒரு வருஷம் தன்னார்வலரா போய்க் காய் சுரண்டியிருக்கேன். அதனால சொல்றேன், அசலும் உண்டு, ஃபோமும் உண்டு.

அசல் காயை மேல வெட்டிக் கையை விட்டா சில்லுனு இருக்கும். விதையும் நாரும் விரலிடுக்குல வழுக்கிட்டே போகும். கரண்டியால சுரண்டிச் சுரண்டி முகம் வர்ற பக்கம் மட்டும் மெல்லிசாக்கணும், இல்லைன்னா வெளிச்சம் வெளிய வராது. கலைஞர்கள் எல்லா இடத்துலயும் ஓட்டை போட மாட்டாங்க. சில இடத்துல தோலை மட்டும் சீவி விடுவாங்க. ஓட்டை பளீர்னு எரியும், சீவின இடம் தேன் கலர்ல தெரியும், தோல் இருக்கிற இடம் இருட்டு. அந்த மூணு நிறத்துலதான் முகமே வருது. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கையில பச்சை வாசனை போகலை.

ஃபோம் காயும் சும்மா அச்சுல வர்றது இல்லை. அதையும் கையாலதான் செதுக்கறாங்க. கத்தி பட்டா தூளாக் கொட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அது அடுத்த வருஷத்துக்கும் வரும்.

எடிசன் மீனாட்சி:
பார்த்தீங்களா! "அசலும் உண்டு." நேர்ல செஞ்சவரே சொல்லிட்டார். கணக்கு சார், மன்னிப்பு எப்ப?

கணக்குப்பிள்ளை:
பார்த்தீங்களா! "ஃபோமும் உண்டு." நேர்ல செஞ்சவரே சொல்லிட்டார். அப்ப 7000மும் அசல் இல்லை. மன்னிப்பு எனக்கு வேண்டாம், "தப்பா எழுதிட்டேன்"னு ஒரு வரி போதும்.

பழையபஞ்சாங்கம்:
நான் இதில் தலையிடக் கூடாது என்றுதான் இருந்தேன். பூசணிக்காயைப் பற்றி இருபது பதிவு, வீட்டைப் பற்றி ஒரு வரி உண்டா? அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களில் நியூயார்க் நகரத்தின் முதல் மேயர் ஸ்டெஃபானஸ் வான் கோர்ட்லண்ட். 1677இல் மேயர். 1697இல் அரச சாசனம் பெற்று 86,000 ஏக்கருக்கு அதிபதி. அவர் பேரன் பியேர் 1749இல் இந்த வீட்டில் குடியேறினார், பிற்பாடு நியூயார்க் மாநிலத்தின் முதல் துணை ஆளுநரும் அவரே. சுவரில் துப்பாக்கி நீட்டுவதற்கு விட்ட துளைகளைப் பார்த்திருக்கிறீர்களா யாராவது? படகுத்துறை விடுதி ஒன்று தனியாக நிற்கிறது, அதற்கும் வீட்டுக்கும் நடுவே நீண்ட செங்கல் பாதை. இடிந்து போக இருந்ததை 1953இல் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் ஜூனியர் வாங்கிச் செப்பனிட்டார். 1961இல் தேசிய வரலாற்றுச் சின்னம். இவ்வளவும் இருக்கிற இடத்தில் நீங்கள் காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த 86,000 ஏக்கரும் யார் உழைப்பில் நடந்தது என்றும் ஒருவரும் கேட்கவில்லை. வான் கோர்ட்லண்ட் குடும்பம் அடிமைகளை வைத்திருந்த குடும்பம். நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை ஒழிந்தது 1827இல்தான்.

எடிசன் மீனாட்சி:
ஐயா, அதுவும் எனக்குத் தெரியும். அந்த வீட்டுல 23 பேர் அடிமையா இருந்தாங்க. டூர்ல சொன்னாங்க.

பழையபஞ்சாங்கம்:
அம்மா, அது இந்த வீடு அல்ல. 23 பேர் இருந்தது பிலிப்ஸ்பர்க் மேனர், ஸ்லீப்பி ஹாலோவில். 1750ஆம் வருடத்துச் சொத்துப் பட்டியலில் உள்ள எண்ணிக்கை. இரண்டு வீட்டையும் பராமரிப்பது ஒரே அமைப்பு என்பதால் குழம்பியிருப்பீர்கள்.

கணக்குப்பிள்ளை:
23ஐ ஒரு வீட்டுலேர்ந்து இன்னொரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறவங்க 7000த்தை அசலாக்க மாட்டாங்களா?

எடிசன் மீனாட்சி:
ஸ்னோ டயர் இழையில மூக்குடைஞ்சதை இன்னும் மறக்கலை போல. "நியூஜெர்சிக்கு ஆல் சீசன் போதும்"னு அடிச்சுப் பேசி, ஜனவரியில டிரைவ்வேலேயே கார் வழுக்கின படத்தை நீங்களே போட்டீங்களே. ஞாபகம் இருக்கா?

கணக்குப்பிள்ளை:
அது பனி இல்லை, ஐஸ். ஐஸுக்கு எந்த டயரும் நிக்காது. அந்த இழையிலேயே சொல்லிட்டேன்.

கொங்குத்தங்கம்:
அந்தத் தலையில்லாத குதிரைக்காரன் கதை எழுதினாரே, அவரு பொறந்த ஊடுதானுங்களே இது?

பழையபஞ்சாங்கம்:
இல்லை. வாஷிங்டன் இர்விங்கின் வீடு சன்னிசைட், டாரிடவுனில் இருக்கிறது. அவர் பிறந்ததோ நியூயார்க் நகரத்தில். கதை வெளியானது 1820. இன்னொன்று சொல்கிறேன், கேளுங்கள். கதையில் குதிரைக்காரன் ஒரு வாத்தியாரைத் துரத்துகிறான். மறுநாள் காலை அந்த வாத்தியாருடைய தொப்பிக்குப் பக்கத்தில் ஓர் உடைந்த பூசணிக்காய் கிடந்தது, அவ்வளவுதான் கதையில் உண்டு. முகம் செதுக்கியது என்றோ உள்ளே விளக்கு எரிந்தது என்றோ இர்விங் எழுதவில்லை. அதெல்லாம் பின்னாளில் படம் போட்டவர்கள் சேர்த்தது.

கணக்குப்பிள்ளை:
ஆனா அந்தக் காய் அசல். உடைஞ்சுதே! ஃபோமா இருந்தா எகிறிப் போயிருக்கும்.

யாழ்நம்பி:
அப்பிடிப் பார்த்தால் பூசணியே அசல் இல்லை. அயர்லாந்துக்காரர் முந்திக் குடைஞ்சது டர்னிப் கிழங்கை. அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான் பூசணி. பெரிசாவும் இருக்குது, குடையவும் சுகம். அசலைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் முதல் டர்னிப்புக்குப் போங்கோ.

கணக்குப்பிள்ளை:
நம்பி, டர்னிப்புக்குத் தனி இழை திறங்க. இங்க கேள்வி 7000மும் அசலா.

எடிசன் மீனாட்சி:
எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். என் பதிவை இப்ப போய்ப் பாருங்க. "7000 அழகான பூசணிக்காய்"னுதான் இருக்கு.

கணக்குப்பிள்ளை:
ஆமா, இருக்கு. கீழ பொடி எழுத்துல "கடைசியாகத் திருத்தியது: இரவு 11:42"னும் இருக்கு. என் முதல் பதிவு 10:15. நான் எடுத்துப் போட்ட வரியில "அசல்", இப்ப அங்க "அழகான". நடுவுல என்ன நடந்தது அம்மணி?

எடிசன் மீனாட்சி:
எழுத்துப்பிழை. போன்ல தட்டும்போது வர்றதுதான்.

கணக்குப்பிள்ளை:
"அழகான"னு தட்டினா "அசல்"னு விழற போனை எங்க வாங்கினீங்க?

கொங்குத்தங்கம்:
ரெண்டுக்கும் மொத எழுத்து அ தானுங்களே. விடுங்க.

கணக்குப்பிள்ளை:
விட மாட்டேன். அசலா எண்ணிக்கை வேணும்னா கீன் ஊரைப் பாருங்க, நியூ ஹாம்ப்ஷயர். 2013 அக்டோபர் 19, ஒரே ராத்திரி, 30,581 செதுக்கின காய்ல விளக்கு எரிஞ்சுது. கின்னஸ் ஆளுங்க எண்ணி எழுதினது. அதுக்கு முன்னாடி 7000 எந்த மூலைக்கு?

எடிசன் மீனாட்சி:
அதே கீன்ல அடுத்த வருஷம் 2014ல என்ன ஆச்சுன்னும் சொல்லுங்களேன். பசங்க குடிச்சுட்டு காரைக் கவுத்து, பாட்டிலை வீசி, போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டுது. குழந்தைகளோட போக இடம் கேட்ட தம்பியை அங்க அனுப்பச் சொல்றீங்களா? க்ரோட்டன்ல ஒரு காயாவது பறந்து வந்து தலையில விழுந்திருக்கா?

கணக்குப்பிள்ளை:
விழுந்தாலும் வலிக்காது. ஃபோம்.

வெஸ்ட்செஸ்டர் வாசு:
ரெண்டு பேருமே நான் எழுதினதை முழுசா படிக்கலை. அசல் எத்தனை, ஃபோம் எத்தனைன்னு அங்க நடந்து போறவங்க யாரும் எண்ணறதில்லை. இருட்டுல தெரியவும் தெரியாது. உள்ள எரியறதே எல்.இ.டி. தான், மெழுகுவத்தி இல்லை. அப்ப விளக்கும் போலின்னு சொல்வீங்களா?

கணக்குப்பிள்ளை:
நல்ல பாயிண்ட். மெழுகுவத்தியும் இல்லைன்னு இப்பதான் தெரியுது. ரொம்ப நன்றி வாசு.

எடிசன் மீனாட்சி:
வாசு, நீங்க யார் பக்கம்?

திண்ணைக் காவல் (மட்டுறுத்துநர்):
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். ஸ்னோ டயர் பேச்சு அந்த இழையோட முடிஞ்சுது, இங்க இழுக்காதீங்க. இன்னொரு தடவை நடந்தா பூட்டு.

கணக்குப்பிள்ளை:
மட்டுறுத்துநர் ஐயா, நான் யாரையும் தாக்கலை. பதிவைத் திருத்தினவங்களுக்கு என்ன தண்டனைன்னு விதிமுறையில இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.

புதுசா வந்தவன்:
அண்ணா, அக்கா, வணக்கம். நான்தான் பக்கத்து இழையில கேட்டது. வர்ற சனிக்கிழமைக்கு டிக்கெட் கிடைக்குமா? மழை வந்தா பணம் திருப்பித் தருவாங்களா? சின்னவளுக்கு நாலு வயசு, இருட்டுல பயப்படுவாளா?

வெஸ்ட்செஸ்டர் வாசு:
சனிக்கிழமை சீக்கிரமே தீர்ந்துடும் தம்பி, வாரநாள் பாருங்க. மழையிலயும் நடக்கும், கோட்டு எடுத்துக்குங்க. கார் வேண்டாம்னா கிராண்ட் சென்ட்ரல்ல ஹட்சன் லைன் ஏறி க்ரோட்டன்-ஹார்மன்ல இறங்கலாம். யாரும் மேல பாய்ஞ்சு பயமுறுத்த மாட்டாங்க, பார்த்துக்கிட்டே நடக்கறதுதான். என் பொண்ணு மூணு வயசுல டைனோசரைப் பார்த்துக் கை தட்டினா.

எடிசன் மீனாட்சி:
தைரியமா போங்க தம்பி. நான் சொன்னது சரியா தப்பான்னு நேர்ல பார்த்துட்டு வந்து எழுதுங்க.

கணக்குப்பிள்ளை:
கட்டாயம் எழுதுங்க தம்பி. போனா ஒரு காயை விரலால லேசா தட்டிப் பாருங்க. சத்தம் எப்படி இருந்துதுன்னு மட்டும் சொன்னாப் போதும்.

வெஸ்ட்செஸ்டர் வாசு:
தொட விட மாட்டாங்க.

கணக்குப்பிள்ளை:
ஏன் விட மாட்டாங்க?

எடிசன் மீனாட்சி:
ஐயோ, மறுபடியுமா.