மல்கட்டா அரண்மனை ஓவியங்களை எடுத்துப் போனது சரியா?

நைல்கரை:
எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் மல்கட்டா இருக்கிறது. எகிப்திய அரசர் மூன்றாம் அமென்ஹோதெப் 3,300 ஆண்டுகளுக்கும் முன்னால் கட்டிய அரண்மனை. இன்று அங்கே மிஞ்சியிருப்பது தாழ்ந்த மண்சுவர்கள்தான். அரசர் படுக்கையறையை ஒட்டிய அறையின் மேற்கூரை ஓவியம், காளைத் தலையும் சுருள் கோலமுமாக, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டை அங்கே விட்டுவிட்டு அதன் கூரையை மட்டும் கொண்டு போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

பச்சைச்செங்கல்:
யாரும் கூரையைப் பெயர்த்து எடுக்கவில்லை. கூரை எப்போதோ இடிந்து, ஓவியம் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. 1910க்குப் பிறகு தோண்டியவர்கள் பொறுக்கிச் சேர்த்ததால்தான் நாம் இன்று அதைப் பார்க்கிறோம். எகிப்தியர்கள் கோயிலைக் கல்லில் கட்டினார்கள், அரண்மனையைச் சுடாத செங்கல்லில் கட்டினார்கள். அதன்மேல் பூசிய சாந்தில் தீட்டிய வண்ணம் வெயிலிலும் காற்றிலும் எத்தனை நாள் தாங்கும்?

நைல்கரை:
பொறுக்கியது சரி. எகிப்திலேயே வைத்திருக்கலாமே? கூரையாக நின்றாலும் துண்டாகக் கிடந்தாலும் அது அந்த மண்ணின் சொத்து.

பச்சைச்செங்கல்:
அங்கேயே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமர்னாவைப் பாருங்கள். அமென்ஹோதெப்பின் மகன் அகெனாதெனின் நகரம் அது. 1891இல் ஆங்கிலேய அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அங்கே அரண்மனைத் தரை ஓவியத்தைக் கண்டெடுத்தார். குளம், மீன், வாத்து, துள்ளும் கன்று. மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, வண்ணம் கலையாதபடி விரலாலேயே தடவிக் காப்பாற்றினார். மேலே கொட்டகையும் போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் சுற்றியிருந்த வயலை மிதித்து நாசம் செய்ததால், 1912இல் வயல்காரர் ஒருவர் ஆத்திரத்தில் தரையை வெட்டிச் சிதைத்துவிட்டார். அத்தனை பாடும் வீண். இதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

தாழிஓடு:
எனக்கும் அந்தக் கதை வலிக்கிறது. ஆனால் அதில் தவறு ஓவியத்தை அங்கே விட்டதா, வயலுக்கு நடுவே வழி விடாமல் ஆட்களை வரவிட்டதா? பயிர் போனவரின் கோபத்தை ஏன் யாரும் பேசுவதில்லை?
இன்னொன்று. மல்கட்டாவில் எழுத்துள்ள ஜாடித் துண்டுகள் 1,400 அளவுக்குக் கிடைத்தன. மது, இறைச்சி, தேன் என்று உள்ளே இருந்ததும், எந்த ஆண்டு என்பதும் அவற்றில் இருந்தன. அரசர் தன் 30, 34, 37ஆம் ஆட்சியாண்டுகளில் கொண்டாடிய செட் திருவிழாக்களுக்கு, அதாவது ஆட்சியைப் புதுப்பிக்கும் விழாக்களுக்கு, வந்த சரக்கு. எங்கே கிடைத்தது என்ற தகவலோடு சேர்ந்தால்தான் இவை பேசும். ஓவியமும் அப்படித்தான்.

பச்சைச்செங்கல்:
பயிர் விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். கிடைத்த இடத்தைக் குறித்து வைப்பது கட்டாயம், அதிலும் சண்டை இல்லை. ஆனால் குறிப்பு எழுதிவிட்டால் பொருள் எங்கே இருந்தாலும் பாதகமில்லை என்கிறேன்.

நைல்கரை:
பாதகம் இருக்கிறது. லக்சரில் வளரும் பிள்ளைக்கு நியூயார்க் எட்டாத ஊர். 2008 முதல் மல்கட்டாவில் வேலை செய்யும் கூட்டு அகழாய்வுக் குழு பழைய சுவர்களின் மேல் புதுச் செங்கல் அடுக்கி அரிப்பைத் தடுக்கிறது. இடத்திலேயே காப்பாற்ற முடியும் என்பதற்கு அது போதாதா?

பச்சைச்செங்கல்:
சுவருக்குப் போதும். வண்ணத்துக்குப் போதாது. தோண்டி, படம் எடுத்து, திரும்ப மண்ணால் மூடுவதற்கு நீங்கள் சம்மதிப்பீர்களா?

நைல்கரை:
மூடலாம். கப்பலில் ஏற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.