பயனர் ஆய்வாளர் வேலைக்கு நேர்காணல்: கேள்வி கேட்டுப் பழகியவர்கள் பதில் சொன்ன அனுபவங்கள்

நெய்தல் எழுதியது:

செயலியைப் பயன்படுத்துவோர் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டறியும் ஆய்வாளர்களான நாம் பயனரிடம் நடத்துவதும் நேர்காணல், வேலை கேட்டுப் போனால் நமக்கு நடப்பதும் நேர்காணல். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எவ்வளவு பொருத்தம் என்பதை, சென்ற ஆண்டு பெங்களூரில் உள்ள ஒரு பணப் பரிமாற்றச் செயலி நிறுவனத்தில்தான் உணர்ந்தேன்.

முதல் சுற்று வழக்கமான ஹெச்ஆர் அழைப்பு. சம்பளம், நோட்டீஸ் பீரியட் ஆகியவற்றைத் தாண்டி எதுவும் பேசவில்லை. இரண்டாவது, முன்பு செய்த ஆய்வுகளை விளக்கிக் காட்டும் போர்ட்ஃபோலியோ சுற்று. நாற்பது ஸ்லைடுகளுக்குக் குறையாமல் கொண்டுபோயிருந்தேன், எத்தனை பேரைச் சந்தித்தேன், எந்த முறையைப் பயன்படுத்தினேன் என்றெல்லாம் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, குழுவில் இருந்த ப்ராடக்ட் மேனேஜர் ஒன்பதாவது ஸ்லைடிலேயே நிறுத்தி, “இந்த ஆய்வுக்குப் பிறகு செயலியில் என்ன மாறியது?” என்று கேட்டார். அறிக்கையை ஒப்படைத்ததோடு அந்தத் திட்டத்தில் என் தொடர்பு முடிந்திருந்தது. அதை அப்படியே சொன்னேன். நேர்மைக்காக அடுத்த சுற்றுக்கு அனுப்பினார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாவது சுற்றில் வெள்ளைப் பலகை முன்னால் நிறுத்தி ஒரு சிக்கலைக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணத்தைச் செயலியில் கட்டத் தொடங்கும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், காரணத்தை எப்படிக் கண்டறிவீர்கள் என்பது கேள்வி. பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரங்களுக்கு அன்றாடம் குறிப்பெழுதச் சொல்லும் டைரி ஸ்டடி ஒன்றை உற்சாகமாக வரைந்தேன். குழுவில் இருந்த தமிழர் ஒருவர், “உங்கள் வீட்டில் எத்தனை நாளைக்கு ஒருமுறை மின்கட்டணம் கட்டுகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். “இரண்டு மாதத்துக்கு ஒருமுறை” என்று வாய் சொல்லி முடிப்பதற்குள் என் திட்டம் சரிந்துவிட்டது. அந்த இரண்டு வாரங்களில் பன்னிரண்டு பேரில் பெரும்பாலானோரின் நோட்டு வெற்றாகவே இருந்திருக்கும். அந்த வாரம் ரீடிங் எடுக்கப்பட்ட வீடுகளைத் தேடிப் பிடித்து, கட்டணம் கட்டும்போதே அருகில் இருந்து பார்ப்பதுதான் வழி.

பிறகு அவரே பயனராக நடித்தார். பதற்றத்தில் நான் கேட்ட முதல் கேள்வி, “இந்தப் பக்கம் குழப்பமாக இருந்ததா?” என்பது. “ஆமாம் மேடம், ரொம்பக் குழப்பம்” என்று பணிவாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார். வீடு தேடி வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று நம் மக்கள் எதற்கும் ஆமாம் போடுவார்கள் என்பது ஆறு ஆண்டுகள் களத்தில் அலைந்த எனக்குத் தெரியாததா என்ன! கடைசியாக எப்போது கட்டினீர்கள், அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றல்லவா தொடங்கியிருக்க வேண்டும்?

ஓஎம்ஆர் வாசி எழுதியது:

நெய்தல் அவர்களுக்கு நடந்தது களத்தில் என்றால், எனக்கு நடந்தது கணக்கில். சென்னையில் ஒரு நேர்காணலில், “ஒரு செயலியை ஐந்து பேரிடம் சோதித்தால் போதுமா?” என்று கேட்டார்கள். ஐந்து பேர் சுமார் 85 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொணர்வார்கள் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியதை மனப்பாடமாக ஒப்பித்தேன். “அந்த 85 எங்கிருந்து வந்தது?” என்று அடுத்த கேள்வி வந்ததும் விழித்தேன்.

ஒரு சிக்கல் ஒரு பயனரிடம் தென்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று கொண்டால்தான் அந்தக் கணக்கு வருகிறது. அரிதாகத் தலைகாட்டும் சிக்கலுக்கும், ஒன்றுக்கொன்று வேறுபட்ட பயனர் குழுக்களுக்கும் அது பொருந்தாது. எத்தனை சதவீதம் பேர் தடுமாறுகிறார்கள் என்று அளப்பதற்கும் ஐந்து பேர் போதாது. இதை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். அதே சுற்றில் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனர்களிடமே கேட்டு அளக்கும் சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் பற்றியும் கேட்டார்கள். ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய அந்தப் பத்துக் கேள்விப் படிவத்தில் 72 மதிப்பெண் வந்தால் 72 சதவீதம் என்று பொருளல்ல, 68 என்பது சராசரி என்பதால் அதைவிடச் சற்று மேல் என்றுதான் பொருள் என்பதைச் சொல்லித் தப்பித்தேன்.

குறிஞ்சி எழுதியது:

எனக்குக் கேள்வி கேட்க ஆளே வரவில்லை, டேக்-ஹோம் அசைன்மென்ட்தான் வந்தது. தங்கள் செயலியையே பயன்படுத்தும் மூன்று பேரைச் சனி, ஞாயிறுக்குள் நானே கண்டுபிடித்துப் பேசி, ஒலிப்பதிவுகளோடு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றார்கள். ஊதியம் கிடையாது. அந்தப் பதிவுகள் யாரிடம் இருக்கும், பேசுபவர்களிடம் எதற்காக என்று சொல்லி ஒப்புதல் வாங்குவது என்று மின்னஞ்சலில் கேட்டேன். மற்ற விண்ணப்பதாரர்கள் யாரும் இப்படிக் கேட்கவில்லை என்பதே பதிலாக வந்தது. ஒப்புதல் வாங்கத் தெரியுமா என்று சோதிக்க வேண்டிய வேலைக்கு இப்படியொரு தேர்வு வைப்பவர்களிடம் சேர்ந்து என்ன செய்வது என்று விலகிக்கொண்டேன். நெய்தல் அவர்களே, உங்களுக்கு அந்த வேலை கிடைத்ததா?

நெய்தல் எழுதியது:

கிடைக்கவில்லை, குறிஞ்சி. ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போனபோது ரீடிங் எடுத்துச் சென்றிருந்தார்கள், அம்மா கட்டணம் கட்ட உட்கார்ந்தபோது வாய் திறக்காமல் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். அட்டையில் இருந்த நீளமான மின் இணைப்பு எண்ணை மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்ப்பது, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செல்பேசியில் இரண்டு இரண்டு எண்ணாகத் தட்டுவது, மறுபடி கண்ணாடி. நான்காவது முறை அட்டையிலிருந்து நிமிர்ந்தபோது செல்பேசித் திரை அணைந்திருந்தது. “அப்பா வரட்டும்” என்று அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.