யாங்கி மங்கா ஏன் இப்படி இழுக்குது? மலையகத்துல நடக்குற கதைக்கு அதுல இருந்து எதை எடுக்கலாம்?

கொட்டகலை_பென்சில்:
வணக்கம். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல மோதிக்கிற ரெண்டு ஸ்கூல் பசங்களை வச்சு 24 பக்கத்துல ஒரு படக்கதை. சாதாரண தரம், உயர்தரம் படிக்கிற வயசு. மாதிரிக்கு எடுத்துக்கிட்டது யாங்கி மங்கா, அதாவது ஜப்பான் ஹைஸ்கூல் முரட்டுப் பசங்க படக்கதை. பென்சில் வரைவு முடிஞ்சிருச்சு. 24ல 15 பக்கம் சண்டை, ஆனா வாசிச்சா மனசு ஒட்டல. 'க்ரோஸ்'னு ஒரு யாங்கி மங்கா, 26 தொகுதியும் அடிதடிதான், கீழ வைக்க முடியுதா? அந்த இழுப்பு எங்க இருக்கு? உடுப்பு, பேச்சு, கட்டம் பிரிக்கிறது, எதைப் பத்தி சொன்னாலும் சரி.

மூணாம்_வருஷம்:
இழுப்பு சண்டையில இல்ல. யார் எந்தப் படியில நிக்கிறாங்கிறதுல இருக்கு.

ஜப்பான்ல ஹைஸ்கூல் கட்டாயக் கல்வி கிடையாது, நுழைவுப் பரீட்சை எழுதித்தான் போகணும். 1974லயே 90 வீதத்துக்கு மேல அங்க போக ஆரம்பிச்சிட்டாங்க. எல்லாரும் போறதால, எந்த ஸ்கூல்ங்கிறதுதான் ஆளோட மதிப்பு. 'ஹென்சாச்சி'ன்னு ஒரு புள்ளிக் கணக்கு, 50 நடு. அதுல ரொம்பக் கீழ விழுந்தவங்க எல்லாம் ஒரே ஸ்கூல்ல வந்து சேருவாங்க. யாங்கி கதை நடக்குறது அங்க. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி தெரிஞ்ச நம்ம பிள்ளைங்களுக்கு இதை விளக்கவே வேணாம். பரீட்சை ஏணியில இடம் கிடைக்காதவன் கைமுட்டியால வேற ஒரு ஏணி கட்டுறான். அதுல ஒவ்வொருத்தனும் நிக்கிற படி ஊருக்கே தெரியும், சிபாரிசு செல்லாது. வாசிக்கிறவனுக்கு அந்த நேர்மைதான் பிடிக்குது.

அடுத்தது காலம். ஹைஸ்கூல் மூணே வருஷம், ஏப்ரல்ல தொடங்கி மார்ச்சுல முடியும். எவ்வளவு பெரிய 'பன்ச்சோ', அதாவது ஸ்கூல் தலைவனா இருந்தாலும் மார்ச்சுல வெளிய போயாகணும். 'க்ரோஸ்' நாயகன் ரெண்டாம் வருஷத்துலதான் சுசுரான் ஸ்கூலுக்கு மாறி வர்றான், அந்த ஸ்கூலை அதுவரைக்கும் ஒருத்தனும் முழுசா அடக்கினதில்ல. உங்க வரைவுல அப்படி ஒரு கெடு இருக்கா? சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் 6 வாரம்னு முதல் பக்கத்துலயே ஒரு கலண்டரை வரைஞ்சு விடுங்க.

மூணாவது, சட்டம். ஒத்தைக்கு ஒத்தை, அதுக்குப் பேர் 'தைமன்'. வெறுங்கை. எவன் கத்தி எடுக்குறானோ, ஆள் சேத்துக்கிட்டு ஒருத்தனை அடிக்குறானோ, அவன்தான் வில்லன். சட்டத்தை முதல்ல காட்டாம மீறுறதைக் காட்டினா வாசகனுக்கு ஒண்ணும் உறைக்காது. உங்க 15 பக்கம் வெறும் அடியாத் தெரியுறதுக்குப் பெரும்பாலும் காரணம் இதுவாத்தான் இருக்கும்.

கடைசியா, சண்டை முடிஞ்சா யாராவது ஒருத்தர் இன்னொருத்தரைக் கூப்பிடுற விதம் மாறியாகணும். ஜப்பானியத்துல 'தெமே'ன்னு வைதவன் மரியாதையா 'சான்' போட்டுப் பேச ஆரம்பிப்பான், குடும்பப் பேர் சொன்னவன் சொந்தப் பேர் சொல்லுவான். தமிழ்ல இதுக்கு இன்னும் வசதி. பக்கம் 5ல 'டேய்', பக்கம் 20ல 'அண்ணே'. அந்த ஒரு சொல்லு வர்ற இடம்தான் உச்சம், அதுக்கு முழுப் பக்கம் கொடுங்க. சண்டையை 7 பக்கத்துக்குக் குறைச்சா எல்லாத்துக்கும் இடம் வரும். 'ஸ்லாம் டங்க்'ங்கிற கூடைப்பந்து மங்காவுல, டீமை விட்டுப் போன மிட்சுயி தன் கூட்டத்தோட ஜிம்முக்குள்ள வந்து அடிக்கிற பகுதியைத் திரும்பப் பாருங்க. அத்தனை அடியும் அவன் கோச்சுக்கு முன்னால அழுது திரும்ப விளையாடக் கேக்குற ஒரே இடத்துக்காகத்தான்.

வெள்ளைச்_சட்டை:
உடுப்புல ஒரு சிக்கல் இருக்கு. ஜப்பான் பையன் போடுற 'காக்குரான்' கறுப்பு, கழுத்துப்பட்டி நிமிர்ந்து நிக்கும். அதை நீளமாத் தைச்சா 'ச்சோரான்', குட்டையாத் தைச்சா 'தன்ரான்', தொளதொள காற்சட்டை 'போந்தான்'. கொடுத்த யூனிபோர்மையே மாத்தித் தைக்கிறதுதான் அவங்க எதிர்ப்பு. பிற்பாடு பல ஸ்கூல் பிளேசருக்கு மாறினதுக்கு இதுவும் ஒரு காரணம். படத்துல பாத்தா, வெள்ளைத் தாள்ல கறுப்பு உருவம். 20 பேர் நின்னாலும் தனித்தனியாத் தெரியும்.

நம்ம பசங்க வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. பின்னால ஹட்டன் பனியையும் போட்டா கட்டம் காலியா இருக்குற மாதிரி ஆயிரும். அதனால ஒரு ஸ்கூலுக்குக் கறுப்பு நிரப்பின ஸ்வெட்டர் போடுங்க. மத்த ஸ்கூல் வெள்ளையாவே இருக்கட்டும், ஆனா பின்னணி தேயிலைச் செடி, ஈரத் தார் ரோடு, பஸ் நிழல் மாதிரி இருட்டா இருக்கணும். ஆளை அடையாளம் காட்ட டை முடிச்சு, காற்சட்டை அகலம், சுருட்டின கை போதும். வெள்ளைத் துணியில சேறு ஒட்டினா யார் விழுந்தாங்கன்னு வசனம் இல்லாமலே தெரியும். ஜப்பான்காரங்களுக்குக் கிடைக்காத வசதி இது.

இன்னொண்ணு, முதுகுல தங்க எழுத்து தைச்ச நீளக் கோட்டு 'தொக்கோஃபுக்கு' ஸ்கூல் உடுப்பு இல்ல, அது பைக் கூட்டத்து உடுப்பு. பைக் கூட்டத்துப் பசங்க கதையான 'டோக்கியோ ரிவெஞ்சர்ஸ்' பாத்துட்டு நிறையப் பேர் ரெண்டையும் கலக்குறாங்க. அந்தக் கோட்டுகள்ல 'யொரொஷிக்கு'ங்கிற சாதாரண வார்த்தையை இரவு, பனித்துளி, சாவு, துன்பம்னு நாலு எழுத்துல ஒலிக்கு மட்டும் எழுதுவாங்க. தமிழ்ல அதை அப்படியே கொண்டுவர முடியாது. த்ரீவீலர் பின்கண்ணாடி வாசகம் இருக்குல்ல, அதோட தொனியை எடுங்க.

ஜி_நிப்:
கட்டம் பத்தி. ஜப்பான் பக்கம் வலமிருந்து இடம் ஓடும். அங்க இருந்து போஸைப் பாத்து வரைஞ்சா உங்க ஆள் வாசிக்கிற திசைக்கு எதிராப் பாய்வான், அடி மெதுவாத் தெரியும். போஸை இடவலம் திருப்பிப் போடுங்க. அடிக்கிறவன் இடப்பக்கம்னா சண்டை முடியுற வரைக்கும் இடப்பக்கம்.

பக்கம் திருப்புற இடமும் மாறும். தமிழ்ப் புத்தகத்துல 1, 3, 5 வலக்கைப் பக்கம். 'அடுத்து என்ன'ங்கிற கட்டம் ஒற்றைப்படைப் பக்கத்து அடியில, பதில் இரட்டைப்படைப் பக்கத்து உச்சியில. சஞ்சிகைக்குள்ள அச்சாகிறதா இருந்தா உங்க முதல் பக்கம் எந்தக் கைப்பக்கம் விழும்னு முதல்லயே கேட்டுக்கிட்டுப் பிரிங்க.

வசனம் எழுதுற பலூன்: ஜப்பானிய எழுத்து மேல இருந்து கீழ ஓடுறதால பலூன் ஒடுக்கமா உயரமா இருக்கும். அதுக்குள்ள 'பாத்துக்கிட்டிருந்தேன்' நுழையாது, உடையும். அகலமான பலூன், 3 வரி, 10 சொல்லுக்கு மேல வேணாம். எழுத்தை முதல்ல எழுதிட்டு அதைச் சுத்தி பலூன் போடுங்க.

அளவு: பி4 தாள், உள்சட்டம் 180 × 270 மி.மீ. பி4 கிடைக்காட்டி ஏ3ல கோடு போட்டுக்கலாம். வரிசைக்கு வரிசை இடைவெளி 6 மி.மீ., பக்கத்துக் கட்டத்துக்கு 3. ரெண்டும் ஒரே அளவா இருந்தா கண்ணு தப்பான கட்டத்துக்கு இறங்கிரும். தாள் 150 கிராமுக்குக் குறையாம இருக்கட்டும், பொலித்தீன்ல சுத்தி வைங்க. மழைக்காலத்துல ஈரம் ஏறின தாள்ல நிப் மை நரம்பு மாதிரி பரவும். போட்டோகொப்பியில அடிக்கிறதா இருந்தா நிழலுக்குப் போடுற நுண்புள்ளி டோன் அடைச்சுக் கறுத்துரும், கையால இழுத்த கோடே நல்லா வரும்.

கொட்டகலை_பென்சில்:
ரொம்ப நன்றி. சண்டையை 7 பக்கமாக் குறைக்கிறேன், கலண்டர் முதல் பக்கத்துக்குப் போகுது. ஒரு கேள்வி: அந்த 'அண்ணே' பக்கத்துல ரெண்டு பேர் முகமும் வேணுமா?

மூணாம்_வருஷம்:
கேக்குறவன் முகம் மட்டும். சொல்றவனுக்கு முதுகும் சேறு படிஞ்ச சட்டையும் போதும்.