சாக்லெட் ஆலைக்குள் வேலை செய்வது யார்?

உட்லண்ட்ஸ் அப்பா:
சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. தொடக்கநிலை மூன்று படிக்கும் மகளோடு ‘சார்லி அண்ட் தி சாக்லெட் ஃபேக்டரி’ பார்த்தேன். ரோல்ட் டாலின் சிறுவர் கதையை 2005இல் டிம் பர்ட்டன் எடுத்த படம். ஆலைக்குள் ஆடிப்பாடி வேலை செய்யும் குட்டை மனிதர்கள் வந்ததும் மகள், “அப்பா, இவங்க தமிழா?” என்றாள். (அவர்களின் முழுப் பெயரைத் தமிழில் எழுதினால் மட்டுறுத்துநர் கோபிப்பார். லூம்பாக்கள் என்றே வைத்துக்கொள்வோம்.) 165 லூம்பாக்களாகவும் நடித்தவர் டீப் ராய் ஒருவரே. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். முதலாளி வோங்கா வெள்ளைக்காரர், வேலையாட்கள் அத்தனை பேருக்கும் ஒரே பழுப்பு முகம், சம்பளம் கொக்கோ கொட்டை. யாரும் ஆலையை விட்டு வெளியே போவதில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூரோங் குமார்:
அண்ணே, அது மாயக்கதை. ஆலையைப் பார்க்க வந்த, செல்லம் கொடுத்துக் கெடுத்த நான்கு பிள்ளைகள் படும் பாடுதான் கதையே. லூம்பாக்கள் நம்ம கூத்துக் கட்டியக்காரன் மாதிரி, ஓரமாக நின்று கிண்டல் அடிப்பவர்கள். அரசியல் வேண்டுமென்றால் அவர்களோடு வந்த ஏழைப் பையன் சார்லி வீட்டில் தேடுங்கள். அப்பா பற்பசைக் குழாய்க்கு மூடி திருகுகிறார், இயந்திரம் வந்ததும் வேலை போகிறது. வீட்டில் முட்டைக்கோஸ் சூப்தான் சாப்பாடு.

தேக்கா வாசகி:
குமார் தம்பி, இது இன்றைக்குக் கிளம்பிய சந்தேகம் இல்லை. 1964இல் வந்த முதல் பதிப்பில் லூம்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்புக் குள்ளர்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி எதிர்த்தது. 1971இல் வந்த படத்தில் ஆரஞ்சு முகம், பச்சைத் தலைமுடி. 1973இல் டால் புத்தகத்தையே திருத்தி அவர்களை வெள்ளைத் தோலாக்கினார். தோல்தான் மாறியது, கூலி மாறவில்லை.

என் பாட்டி மலாயாவில், ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கங்காணி ஊருக்கே வந்து, அங்கே சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லித்தான் கப்பல் ஏற்றினார். வோங்காவும் லூம்பாலாந்துக்கு நேரில் போய், பச்சைப் புழுவை அரைத்துத் தின்பவர்களிடம் வேண்டிய மட்டும் கொக்கோ தருகிறேன் என்கிறார். பாட்டி இருந்திருந்தால் அந்த இடத்திலேயே டிவியை அணைத்திருப்பார்.

ஜூரோங் குமார்:
சரிக்கா, ஆனால் லூம்பாக்கள் விரும்பி வந்தவர்கள், கொக்கோவைச் சாமியாகக் கும்பிடுபவர்கள். கோபப்பட வேண்டுமென்றால் படத்தில் வரும் பாண்டிச்சேரி இளவரசனுக்காகப் படுங்கள். வோங்காவிடம் சாக்லெட்டில் அரண்மனை கட்டச் சொல்லி, வெயிலில் அது உருகித் தலையில் ஒழுகுகிறது. 1954 வரை பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த ஊருக்கு இளவரசன் எங்கிருந்து வந்தானோ!

உட்லண்ட்ஸ் அப்பா:
இளவரசனுக்கு நானும் சிரித்தேன். சார்லியின் தாத்தா ஜோவை மறந்துவிட்டீர்களே. அவர் அதே ஆலையில் வேலை பார்த்தவர். ரகசியம் திருடு போகிறது என்று வோங்கா எல்லாரையும் அனுப்பிவிட்டு, பிறகு லூம்பாக்களை வைத்து ஆலையை ஓட்டுகிறார். நம் காப்பிக்கடையில் இதே பேச்சு எத்தனை தடவை! அங்கே கோபமெல்லாம் வெளியூர் ஆள் மேல்தான். தாத்தாவுக்கு வோங்கா கடைசிவரை மேதை.

ஜூரோங் குமார்:
நான் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். என் குழுவில் புதுக்கோட்டைக்காரர்கள், வங்காளதேசத்தவர்கள். சம்பளம் வங்கியில் விழுகிறது, ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகிறார்கள். அவர்களைப் போய் லூம்பா என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

தேக்கா வாசகி:
வரட்டும், வர வேண்டியதுதான். 2020இல் 300,000க்கும் அதிகமான வெளிநாட்டு ஊழியர்கள் தங்குவிடுதிகளில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தபோது ஞாயிறு எங்கே போனது? தொற்றுக்காகத்தான், தெரியும். அப்புறம், நல்லதும் நடந்திருக்கிறது. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதம் ஒரு விடுப்பு நாளாவது கொடுத்தே ஆக வேண்டும், அதற்குப் பதில் காசு கொடுத்துச் சரிக்கட்ட முடியாது என்று 2023இல் சட்டம் வந்தது. பலர் வாயைத் திறந்து கேட்டதால் வந்தது அது. படத்தில் லூம்பாக்கள் பாடும் பாட்டெல்லாம் அடுத்தவர் பிள்ளையைப் பற்றி. தங்களைப் பற்றி ஒரு வரி உண்டா?

ஜூரோங் குமார்:
பாட்டு விஷயம் நான் கவனிக்காதது. ஆனால் கடைசிக் காட்சியைப் பாருங்கள். இத்தனை நேரம் நமக்குக் கதை சொன்னவரே ஒரு லூம்பாதான்.

உட்லண்ட்ஸ் அப்பா:
முகம் மட்டும்தான் தம்பி டீப் ராய். கதை சொல்லும் குரல் ஜெஃப்ரி ஹோல்டருடையது, பாட்டுக் குரல் டேனி எல்ஃப்மனுடையது. இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ அவருக்கு 165 பேர் சம்பளம் குடுத்தாங்களா?” என்றாள்.