எதிர்சேவை அன்று மாடியிலிருந்து பின்கட்டுக்கு ஒரு நேரலை

தல்லாகுளத்திலிருந்து:

இடுப்பெலும்பு முறிந்து எங்கள் அப்பத்தா பின்கட்டு அறையில் கட்டிலோடு கிடந்தார். கள்ளழகரை வழியில் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு அவர் வாசலில் நிற்காத முதல் சித்திரை அது. மாடிக் கைப்பிடிச் சுவரில் பழைய செல்போன் ஒன்றைக் கேமராவாக வைத்து, தெருவை அவருடைய அறை டிவியில் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இணையத்தை நம்பவில்லை. திருவிழாக் கூட்டத்தில் சிக்னல் என்ன பாடுபடும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு அது தேவையும் இல்லை. செல்போனும், டிவியோடு இணைத்த லேப்டாப்பும் ஒரே ரூட்டரில் இருந்தால், படம் வீட்டை விட்டு வெளியே போகாமலேயே வந்து சேரும்.

மூன்று நாள் முன்னதாக ஒத்திகை பார்த்தோம். படம் கண்ணாடி போல் இருந்தது. ஆனால் காய்கறி வண்டிக்காரர் குரல் ஜன்னல் வழியாகக் கேட்ட பிறகு, டிவியில் வண்டி வர இருபது வரை எண்ணலாம். அப்பத்தா அதைக் கவனித்துவிட்டார். “அழகர் தாண்டிப் போன பிறகுதான் எனக்குக் காட்டுவாயா?” என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் நான் தேர்ந்தெடுத்த முறை. எச்.எல்.எஸ். என்பது வீடியோவைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புவது. ஒரு துண்டு சுமார் 6 விநாடி. பார்க்கும் கருவி மூன்று துண்டுகள் பின்தங்கியே தொடங்கும். அங்கேயே 18 விநாடி போய்விடுகிறது. ஊருக்கெல்லாம் ஒளிபரப்ப அது சரி, நாற்பது அடி தூரத்துக்கு அது வேண்டாத சுமை. 1998-லேயே வரையறுக்கப்பட்ட ஆர்.டி.எஸ்.பி. முறைக்கு மாறினேன். இதில் நறுக்கல் கிடையாது, படம் ஓடையாக வரும். லேப்டாப்பில் வீடியோ காட்டும் வி.எல்.சி. மென்பொருள் தானாகச் சேமித்துவைக்கும் 1000 மில்லி விநாடியை 300 ஆகக் குறைத்தேன். தாமதம் ஒரு விநாடிக்குள் அடங்கியது.

ஆனால் படத்தில் சாம்பல் திட்டுகள் விழுந்தன. எங்களுடையது பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒன்றரை அடி கனம். வைஃபை வழியில் தகவல் சிதறினால், முழுதாக அனுப்பப்படும் அடுத்த ஃபிரேம் வரும்வரை அந்தத் திட்டு அப்படியே நிற்கும். சிதறியதை மறுபடி கேட்டு வாங்கும் டி.சி.பி. வழியில் அனுப்பச் செய்தேன். லேப்டாப்பையும் ரூட்டரையும் கேபிளால் இணைத்தேன். என் கருத்தில், ஒரு முனைக்காவது கேபிள் போட்டுவிடுவதுதான் பாதி வேலை.

அன்று சர்க்கரை நிரப்பிய செம்பை வாழையிலையால் மூடி, சூடத்தை மேலே வைத்து, அம்மா கட்டிலருகே நின்றார். வெளியே “கோவிந்தா” என்று முழக்கம் எழுந்த அதே கணத்தில் டிவியில் பல்லக்கு திரும்பியது. அப்பத்தா கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார். அம்மா சூடத்தை ஏற்றினார்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து:

படித்ததும் எங்கள் தொழுவம் நினைவுக்கு வந்தது. சினை மாட்டைப் பார்க்கக் கேமரா வைத்திருந்தோம். ஒரு நாள் மின்சாரம் போய் வந்ததும் வீட்டில் படமே வரவில்லை. கேமரா பழுது என்று நினைத்து இருட்டில் மூன்று முறை தொழுவத்துக்கு நடந்தேன். கேமரா நன்றாகத்தான் இருந்தது. ரூட்டர் அதற்கு வேறு ஐ.பி. முகவரி (வீட்டு நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) கொடுத்திருந்தது. ரூட்டர் அமைப்பில் அந்தக் கேமராவுக்கு ஒரே முகவரியை நிலையாக ஒதுக்கிவிட்டேன். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை. ரூட்டரை இன்வெர்ட்டர் இணைப்பிலும் போட்டுவிடுங்கள். கன்று பிறந்ததும் ஒரு மின்வெட்டின்போதுதான்.

தல்லாகுளத்திலிருந்து:

முகவரி விஷயத்தை இன்றே செய்துவிடுகிறேன். செல்போன் இன்னும் கைப்பிடிச் சுவரில்தான் இருக்கிறது. அப்பத்தா தினமும் மாலையில் தெருவைப் பார்க்கிறார்.