மேய்புலம் வேறு, அரிபுலம் வேறு

வணக்கம்.

‘பாஸ்ச்சர்’ (pasture), ‘மெடோ’ (meadow) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழில் புல்வெளி என்றே போட்டுவிடலாம் என்று முந்தைய மடலில் பார்த்தேன். எனக்கு உடன்பாடில்லை. வேரைப் பார்த்தாலே இரண்டும் வேறு என்று தெரிகிறது. ‘பாஸ்ச்சர்’ மேய்த்தல், தீனியூட்டல் என்று பொருள்படும் ‘பாஸ்கெரெ’ என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, ஆயரைக் குறித்த ‘பாஸ்டர்’ என்ற சொல்லும் அங்கிருந்துதான். ‘மெடோ’ பழைய ஆங்கிலச் சொல், புல் அறுப்பதைக் குறிக்கும் ‘மோ’ என்ற வினையோடு உறவுடையது.

அதாவது அது மாடு மேய்கிற இடம் என்பதைவிட, மனிதர் புல் அறுக்கிற இடம். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் புல் வளராது, அதற்காகக் கோடையிலேயே அறுத்துக் காயவைத்துச் சேர்த்தாக வேண்டும். அதனால் ஆற்றோரத்துப் புல்லை வசந்தத்திலிருந்தே மாடு தொடாமல் காத்து, அறுப்பு முடிந்தபின், பல ஊர்களில் ஆகஸ்ட் 1, லாமாஸ் என்ற அறுவடைத் திருநாளுக்கு அப்புறம்தான், ஊர் மாடுகளை உள்ளே விட்டார்கள். 1215-இல் இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா ஒப்பந்தமான இடம் ரன்னிமீடு, அந்தப் பெயரின் ‘மீடு’ம் இதே சொல்தான். நமக்கு அப்படி ஒரு குளிர்காலம் இல்லை, நெல் அறுத்தால் வைக்கோல் கிடைத்துவிடும், அதனால்தான் இதற்கென்று தனிச்சொல் நம்மிடம் நிலைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

என் பரிந்துரை: ‘பாஸ்ச்சர்’ மேய்புலம், ‘மெடோ’ அரிபுலம். முதலில் அறுபுலம் என்றுதான் எழுதினேன், ஆனால் ‘அறு’வை எண் ஆறாக எடுத்து, ஆறு புலம் என்று படித்துவிடுவார்கள். அரிவாள், அரிதாள் என்று அரிதல் இன்னும் வழக்கில் இருக்கிறது, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புல்வெளி பொதுச்சொல்லாகவே இருக்கட்டும்.

வேலியடைத்த சிறு மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் ‘பேடக்’குக்குப் (paddock) புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம். ‘பாரக்’ என்ற பழைய வடிவம் திரிந்து வந்த சொல் அது, அடைப்பு என்பதுதான் மூலப்பொருள், ‘பார்க்’ அதன் உறவு. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் காங்கயம் பக்கம் மாடு மேய விடுகிறார்களே, அந்தக் கொறங்காடு இதற்கு மிக அருகில் வருகிறது. அளவில் பெரியது என்று மறுப்பு வரலாம். ஆஸ்திரேலியாவில் பரந்த மேய்ச்சல் நிலத்தையும் ‘பேடக்’ என்றுதான் சொல்கிறார்கள், எனவே அது தடையில்லை.

கொங்கு நாட்டு நண்பர்கள் யாராவது, ஆட்டுக்கென்று அடைத்த நிலத்தையும் கொறங்காடு என்பீர்களா என்று சொன்னால் நல்லது.