மறு: 'பாதுகாப்புத் தொடர்புக் குறியீடு' – வேறு சொல் வேண்டும்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

ஒருவருக்கு நோயிலிருந்து காப்பு இருக்கக்கூடும் என்று காட்டும் அளவை ஆங்கிலத்தில் 'correlate of protection' என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஐயா முன்வைத்த 'பாதுகாப்புத் தொடர்புக் குறியீடு' என்ற சொல்லை இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்தேன். பொருளில் குறை இல்லை. ஆனால் கோரிப்பாளையத்தில் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

2021இல் திருப்பரங்குன்றத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கொரோனா எதிர்ப்பொருள் (antibody) ரிப்போர்ட்டை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். "பாசிட்டிவ்னு போட்டிருக்கு தம்பி, அப்ப எனக்கு இனி வராதுல்ல?" எதிர்ப்பொருள் இருப்பது வேறு, அது காப்பது வேறு என்று விளக்க அன்று என்னிடம் சொல் இல்லை.

ஃப்ளூவுக்கு ஒரு சோதனை உண்டு, படிக்கும்போது செய்திருக்கிறேன். சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, ஒரு தட்டின் குழிகளில் 1:10, 1:20, 1:40 என்று நீர்க்க வைத்துக்கொண்டே போய், வைரஸைச் சேர்த்து, கடைசியில் கோழியின் சிவப்பணுக்களை விட வேண்டும். எதிர்ப்பொருள் வைரஸை மறித்துவிட்டால் அணுக்கள் குழியின் அடியில் குங்குமப் பொட்டு மாதிரி உட்காரும். மறிக்காவிட்டால் வலையாகப் படர்ந்து நிற்கும். பொட்டு தெரியும் கடைசிக் குழிதான் கணக்கு. அது 1:40 என்றால் ஃப்ளூ வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி குறையும் என்பது 1970களிலிருந்து வழங்கிவரும் அளவு. பாதிதான். மூக்குச் சவ்வில் சுரக்கும் எதிர்ப்பொருளும், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்களும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஆக, 1:40 காப்பு அல்ல, காப்புக்கு ஓர் அடையாளம்.

அதனால் 'காப்புக்குறி' என்கிறேன். 'காப்பளவு' வேண்டாம், காப்பையே அளந்துவிட்டதாக ஆகிவிடும். காப்புரிமையோடு குழம்புமே என்று அக்கா கேட்டிருந்தார். காப்பீடு, காப்பகம், காப்புரிமை எல்லாம் முட்டிக்கொள்ளாமல்தானே புழங்குகின்றன?

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கம் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவோம். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறும், விழா முடிந்ததும் அவிழ்த்துவிடுவோம். காப்புக்கு நாள் கணக்கு உண்டு என்பது எங்கள் ஊர்க் காதுக்குத் தெரியும். 'எதிர்ப்புச் சக்தி' என்றால் ஒருமுறை வந்து உடம்பிலேயே தங்கிவிடும் சொத்து போல ஒலிக்கிறது. தடுப்பூசிக்குப் பின் சில மாதங்களில் எதிர்ப்பொருள் இறங்குவதை அதை வைத்துச் சொல்லவே முடியவில்லை. 'காப்புத் தேய்வு' என்றால் சட்டென்று புரியும்.

சரி, வைரஸ் செல்லுக்குள் நுழையாமல் தடுக்கும் எதிர்ப்பொருளை (neutralizing antibody) 'நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள்' என்பதையும் இதோடு பார்த்துவிடலாமா? எனக்கு அமிலமும் காரமும்தான் நினைவுக்கு வருகின்றன. 'மறிக்கும் எதிர்ப்பொருள்' என்று மாற்ற ஐயா ஒப்புவீர்களா?